அன்று அக்கா, இன்று என் மாணவன்



தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைக்கு உயிர் பிழைப்பதே பெரிய காரியம். பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்வி மெல்லத்தான் வந்தது.

1986இல் கடலூரிலிருந்து என் அக்காவை பஸ்ஸில் சென்னைக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போவேன். கீமோ முடிந்து திரும்பினால் திண்டிவனம் வருமுன்னே வாந்தி. வாய் கொப்பளிக்கச் சொம்பில் தண்ணீரோடு பக்கத்தில் நான். "போதும்டா தம்பி, விட்டுடலாம்" என்று கெஞ்சுவாள். விட்டும்விட்டோம். கீமோ வாந்தியை நன்றாக அடக்கும் ஆன்டன்செட்ரான் 1990களில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதற்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் உண்டு.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தி. கழுத்தில் கதிர்வீச்சு முடித்த என் பழைய மாணவன், தயிர்சோற்றை மட்டும் குழையப் பிசைந்து வாய்க்கு வாய் தண்ணீர் குடித்தான். உமிழ்நீர்ச் சுரப்பி பாதித்தால் அப்படித்தான், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். "நோய்தான் போயிடுச்சே, நல்லா சாப்பிடு" என்று இலையில் வடையை வைத்தார்கள். வைக்காதீர்கள். கேட்டால் மோர் ஊற்றுங்கள்.

உமிழ்நீர் குறைந்தால் பல் சீக்கிரம் சொத்தையாகும். பல் டாக்டரையும் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.