இராசராசேச்சரத்து எழுதிய தொண்டு

இறைவன் திருவுருவைக் கல்லினும் செம்பினும் அமைத்து வழிபடுதல் போலவே, சுவரில் வண்ணங்கொண்டு எழுதி வழிபடுதலும் நம்மவர்க்குத் தொன்றுதொட்ட வழக்கமாம். முழுவுருவைச் சித்திரம் எனவும், புடைப்புருவைச் சித்திரார்த்தம் எனவும், எழுதிய உருவைச் சித்திராபாசம் எனவும் சிற்பநூல்கள் வகுத்தோதும். எழுதிய உருவிற்குத் திருமுழுக்காட்டல் இயலாது. கண்டு கருதுதலே அதற்குரிய வழிபாடு. எழுதுவோன் எழுதுங்கால் அவ்வுருவையே கருதி நிற்றலின், எழுதுதல்தானே அவனுக்கு வழிபாடாகின்றது.

இதற்குச் சான்று தஞ்சை இராசராசேச்சரம். முதல் இராசராசன் கி. பி. 1010-இல் நிறைவித்த இக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றின் சுவர்களில் சோழர்கால ஓவியங்கள் உள. நாயக்கர் காலத்தே அவற்றின்மேல் வேறு ஓவியங்கள் எழுதப்பட்டன. ஓரன்பு மற்றோரன்பை மறைத்தது. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி அவர்கள் அடியிலிருந்த ஓவியங்களைக் கண்டு உலகிற்கு அறிவித்தார்கள்.

திருவெண்ணெய்நல்லூரில் இறைவன் முதிய அந்தணராய் ஓலை காட்டி நம்பியாரூரரை ஆட்கொண்டதும், அவர் வெள்ளானை மீதும் சேரமான் பெருமாள் பரிமீதும் கயிலை செல்வதும், தில்லைக் கூத்தும், முப்புரம் எரித்ததும் ஆண்டுக் காணப்படும். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது இதற்கு ஒரு நூற்றாண்டிற்குப் பின்னரே. ஆகலின், ஆரூரர் வரலாற்றைப் பிற்காலப் புனைவு என்பார் கூற்று இச்சுவரின்முன் நில்லாது. அடியார் வாய்வழி வந்த மரபையே ஓவியர் எழுதினார் எனக் கொள்ளல் பொருந்தும்.

அவ்வுட்சுற்று ஒளி குறைந்தது. பலரும் புகுந்து காணும் இடமன்று. ஈரச் சுண்ணத்தின்மீது அது புலருமுன் எழுதவேண்டுதலின், பிழைத்தவழித் திருத்துதலும் அரிது. காண்பார் சிலரேயாகிய அவ்விடத்து இத்துணைக் கருத்தொடு எழுதினமைக்கு அன்பன்றிக் காரணம் யாது? தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் பெயரும் அக்கோயிற் கல்வெட்டில் உள. இவ்வோவியங்களை எழுதினார் பெயரோ அறியப்படவில்லை. யான் எனது என்பன அற இறைபணி நிற்றல் என நம் சித்தாந்தம் கூறுவதற்கு இஃதோர் இலக்கியம் எனலாம்.

அன்பர்காள்! திருப்பணி என்னும் பெயரால் பழங்கோயிற் சுவர்களில் வெள்ளையடிக்க முற்படுமுன், அதன்கீழ் ஓரடியாரின் வழிபாடு உளதோவென ஆராய்தல் வேண்டும். அதனை அழித்தல் சிவாபராதம், காத்தல் சிவபுண்ணியம்.

திருச்சிற்றம்பலம்.