விரல் இருக்கிறது, உணர்ச்சி இல்லை

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு மின்சார ரயிலில் போய் வந்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் வேப்பம்பட்டில் நிறைய. அவர்களில் ஃபவுண்டரியில் வார்ப்புப் பிசிறு தட்டியவர்கள், இருபது முப்பது வருஷம் கை கிரைண்டர் பிடித்தவர்கள் உண்டு. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுவார்கள். கேட்டால், "கை மரத்துப் போச்சு சார், வயசாகுதில்ல" என்பார்கள். வயது மட்டும் காரணமல்ல என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1862-ல் பாரிஸில் மொரீஸ் ரேனோ என்ற இளம் மருத்துவர், குளிரில் விரல்கள் வெளுத்துச் செத்தது போலாகிவிடுவதைப் பற்றித் தம் ஆய்வேட்டை எழுதினார். (பெயரின் கடைசி எழுத்து 'டி'யை உச்சரிக்கக் கூடாது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இங்குள்ள டாக்டர்கள் 'ரேநாட்' என்னும்போது காது கூசும்.) அவர் கருவிகளைப் பற்றி எழுதவில்லை. கருவியையும் விரலையும் முடிச்சுப் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார். 1918-ல் இண்டியானா மாநிலத்தின் பெட்ஃபோர்டு ஊரில், காற்றழுத்தச் சுத்தியலால் சுண்ணாம்புக்கல் செதுக்கியவர்களின் கைகளைப் பார்த்து எழுதினார். ஓயாத அதிர்வு விரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. முதலில் எறும்பு ஊறுவது போலிருக்கும். பிறகு மரத்துப் போகும். குளிர் பட்டால் வெளுக்கும்.

அறிந்தது 1918-ல். பணம் கிடைக்கப் பல தலைமுறை ஆயிற்று. பிரான்சு 1980-ல் தன் தொழில்நோய்ப் பட்டியலில் 69-ஆவது அட்டவணையாக இதைச் சேர்த்தது. பிரிட்டன் 1985-ல் சேர்த்தது. அங்குள்ள நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் அரசு நிறுவனமான பிரிட்டிஷ் கோல் மீது வழக்குப் போட்டு 1996-ல் வென்றார்கள். 1973-லேயே இந்த ஆபத்து நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. 1998-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. மறு வருஷம் அரசு தனித் திட்டம் வகுக்க, வந்து குவிந்த மனுக்கள் சுமார் 1,70,000! குளிர்ந்த நீரில் கையை அமிழ்த்தி, விரலில் சூடு திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பது சோதனைகளில் ஒன்று.

இனி நம் கதை. அண்மையில் தொழிலாளர் சட்டங்கள் புதிய தொகுப்புகளாகிவிட்டன. நான் சொல்வது நம் காலம் முழுவதும் நடப்பிலிருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தை. பணியிலிருந்த நாட்களில் அந்தச் சட்டப் புத்தகம் என் மேசையிலும் கிடந்தது. அதன் முதல் அட்டவணை ஒரு விலைப் பட்டியல் மாதிரி. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ என்றால் 7. பிரஸ்ஸில் விரலை இழந்தவர் வந்தால் குமாஸ்தா பக்கத்தைப் புரட்டிச் சதவீதத்தைக் குறித்துவிடலாம்.

விரல் இருக்கிறது, ஆனால் உணர்ச்சி இல்லை என்று ஒருவர் வந்தால்? அது விபத்தல்ல, நோய். அதற்கு மூன்றாம் அட்டவணை. அதில் ஈயம், பாதரசம், பென்சீன் நஞ்சுகள் உண்டு. கல் தூசியால் வரும் சிலிகோசிஸ் உண்டு. இரைச்சலால் காது கேளாமல் போவதும் உண்டு. அதிர்வால் கை கெடுவது கிடையாது. ஒரே கிரைண்டர்தான், காதைக் கெடுத்தால் நோய், கையைக் கெடுத்தால் ஒன்றுமில்லை! இதன் நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பட்டியலில் பெயர் இல்லாததன் விளைவு பெரிது. காது நோய் போன்றவற்றுக்கு ஆறு மாதம் தொடர்ந்து அந்த வேலை செய்திருந்தாலே, நோய் வேலையால் வந்ததென்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லையென்று காட்டுவது முதலாளி பாடு. பட்டியலில் இல்லாத நோயென்றால் பிரிவு 3(4) குறுக்கே நிற்கும். குறிப்பிட்ட ஒரு விபத்துக் காயத்திலிருந்து நேராக வந்ததென்று தொழிலாளி காட்ட வேண்டும். இருபது வருஷ அதிர்வில் எந்தத் தேதியை விபத்து என்று மனுவில் எழுதுவது?

வெயிலும் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. குளிர்தான் விரலை வெளுக்க வைக்கும். நம் பக்கம் வெளுப்பது அபூர்வம், மரத்துப் போவதும் பிடி தளர்வதும்தான் அதிகம். கோலார் தங்க வயலை எண்ணிப் பாருங்கள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து 2001-ல் மூடியது வரை, வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன தமிழர்கள் அங்கே பாறை துளைத்தார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, கொதிக்கும் பாறைக்கு நடுவில், எந்த விரல் வெளுக்கும்? சிலிகோசிஸை எக்ஸ்ரே படம் காட்டியது. கையைக் காட்ட அப்படியொரு படம் இல்லை.

இப்போது நம் தெருக்களில் கேபிள் பள்ளத்துக்காகக் கான்கிரீட் உடைக்கும் பையன்களும் அதே அதிர்வைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பலர் ஒப்பந்தக் கூலிகள். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் கை மரத்துப் போகிறதென்று டாக்டரிடம் போனால், என்ன கருவி, தினம் எத்தனை மணி, எத்தனை வருஷம் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லி ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டும். கோப்பில் எழுத்தில் இல்லாததை எந்த அலுவலகமும் பார்ப்பதில்லை.