கல் இல்லாதவர்களுக்குக் காகிதம்



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "ஐயா, வெள்ளைக்காரர்கள் கல்லறையைப் பார்த்தே முன்னோரைக் கண்டுபிடிக்கிறார்கள். நமக்கு என்ன வழி?"

வெள்ளைக்காரர்களுக்குச் சென்னையிலேயே அந்த வசதி உண்டு. சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் திரட்டி, ஜே. ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-இல் புத்தகமே போட்டார். ஆனால் கல்லையும் அப்படியே நம்பிவிட முடியாது. கோட்டையில் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றிக் கற்கள் பதித்திருக்கிறார்களே, அவற்றில் பெயர் உள்ள பலர் அங்கே அடக்கமானவர்கள் அல்லர். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை பழைய இடுகாட்டுக் கல்லறைகளுக்குப் பின்னால் பதுங்கியது. அதனால் பிறகு அவற்றை இடித்து, கற்களை இங்கே கொண்டுவந்தார்கள். அந்த இடுகாடு இருந்த இடம் பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமானது.

நம்மில் பல குடும்பங்களில் எரிப்பதே வழக்கம். புதைத்தாலும் கல் நடுபவர்கள் குறைவு. நமக்குக் காகிதம்தான் கல்.

முதலில் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரத்தை எடுங்கள். 'இன்னார் குமாரர் இன்னார்' என்ற வரியிலேயே இரண்டு தலைமுறை கிடைக்கும். செக்குபந்தியையும் விடாதீர்கள். பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளிதான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்; ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ஆகவே தகப்பனார் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். நம் காட்டுப்பாக்கம் பக்கத்தவர்கள் 1997-க்கு முந்தைய தாள்களில் திருவள்ளூர் மாவட்டத்தைத் தேட வேண்டாம். அப்போது நாம் செங்கல்பட்டு மாவட்டம்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் உதவும். ஆனால் ஜூன் மாதப் பிறந்தநாளைக் கண்டால் கொஞ்சம் யோசியுங்கள். பள்ளியில் சேர்க்க வயது சரியாக வர வேண்டுமே என்று எழுதிய தேதிகள் அதில் ஏராளம்!

நிலமே இல்லாதவர்களுக்கு? 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன 1,52,184 பேரின் கப்பல் பதிவேடுகள் தென்னாப்பிரிக்காவில் இருக்கின்றன. பெயர், தகப்பன் பெயர், வயது, மாவட்டம், தாலுகா, கிராமம் எல்லாம் அதில் உண்டு. அதை வைத்துக்கொண்டு இன்றும் வாரிசுகள் இங்கே வந்து ஊரைத் தேடுகிறார்கள். கடல் கடந்துபோன கூலிக்குத் தாளில் ஊர் இருக்கிறது. இங்கேயே ஏர் பிடித்தும் நாற்று நட்டும் வாழ்ந்து முடிந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரு வரிகூட இல்லை.

பெண்கள் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். பத்திரத்தில் வந்தால் 'இன்னார் பாரியாள்' என்று வருவார்கள். பிறந்த ஊர் வராது. உங்கள் பாட்டியின் அம்மா பெயர் என்ன, எந்த ஊரில் பிறந்தார் என்று இப்போதே சொல்ல முடியுமா?

முடியாதென்றால், வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேட்டு, ஆண்டு போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்த அலுவலகத்திலும் அதற்கு நகல் கிடைக்காது.

கேட்டு எழுதியவர்கள் கீழே பதியுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.