நெடுக்கே கால்வாய், குறுக்கே பைக்: மரக்காணம் கரைக் குறிப்புகள்

சென்னையிலிருந்து ஈ.சி.ஆர். வழியா புதுச்சேரிக்கு பைக்ல வர்றவங்க மரக்காணத்தைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் வண்டியை ஓரங்கட்டுவாங்க. இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளைக் குவியல்கள், நடுவில் தார்ச்சாலை. போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்த வட்டாரத்தில்தான் 400 கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஒரு நீர்வழி வந்து முடிகிறது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து கிளம்பி, சென்னை நகரின் நடுவே புகுந்து, கடலுக்கு இணையாகத் தெற்கே இறங்கும் பக்கிங்காம் கால்வாய்.

வானூர், மரக்காணம் பகுதியின் போக்குவரத்து பற்றிக் கொஞ்ச காலமாகக் குறிப்பு எடுத்து வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாதிரிக் கரையில் சக்கரம் எப்படித் தண்ணியையும் சேற்றையும் தாண்டுச்சு? பைக்கைப் படகில் ஏற்றி அக்கரை போவது இன்று வீடியோவில் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. அதற்குப் பின்னால் நீண்ட கதை இருக்கு.

உப்பும் சக்கரமும்

முதலில் தரையைப் பார்ப்போம். உப்பளப் பாத்தியின் அடித்தளம் களிமண். அதை ஈரப்படுத்தி, காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தண்ணீர் கீழே இறங்கக் கூடாது என்பதுதான் நோக்கம். அதே குணம்தான் டயருக்கு எதிரி. மேலே விழுந்த தண்ணீர் உள்ளே போகாமல் மெல்லிய வழுக்குப் படலமாக நிற்கும். வெயிலில் மேல் ஓடு காய்ந்து வெளுத்திருக்கும், கீழே மண் கொழகொழவென்று இருக்கும். போதாக்குறைக்கு, உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு அதிகம். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் மழையே பெய்யாத நாளிலும் விடியற்காலையில் வரப்பு நனைந்திருக்கும். இப்படிப்பட்ட வரப்பில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் விலகிவிடும். கியரைக் குறைத்து, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக வைத்து, வண்டியை அதன் போக்கில் விட வேண்டும்.

இது புதுப் பிரச்சினை இல்லை. சங்க இலக்கியத்தில் உமணர் என்ற உப்பு வணிகர்கள் மாட்டு வண்டியில் உப்பு ஏற்றி உள்நாட்டுக்குப் போவதைப் பார்க்கிறோம். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடும்போது ஒரு உவமை வருகிறது. பள்ளமும் மேடுமான வழியில் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம், அந்த அச்சைப் போன்றவன் நீ என்கிறார். இன்றைய ஸ்டெப்னி டயர் மாதிரின்னு வெச்சுக்கலாம். ஒரு தலைவனைப் புகழ இதை எடுத்தாள்கிறார் என்றால், வழியில் அச்சு முறிவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாக இருந்திருக்க வேண்டும்.

நெடுக்கே போன தண்ணீர்

கிழக்கிந்திய கம்பெனி 1805-இல் சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக ஆக்கியது. அதற்கடுத்த ஆண்டு, 1806-இல், பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய சிறு கால்வாய் பயன்பாட்டுக்கு வந்தது. 1837-இல் அரசு அதைக் கையில் எடுத்து வடக்கிலும் தெற்கிலும் நீட்டியது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, சென்னைக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. கஞ்சிக்கும் சொற்பக் கூலிக்கும் மண் சுமந்தவர்களின் உழைப்பு அது. கால்வாய்க்குப் பெயர் கிடைத்தது அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனுக்கு.

உப்பு, விறகு, நெல், சுண்ணாம்புக்கான கிளிஞ்சல் எல்லாம் இதில் படகில் போயின. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள்.

வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தக் கால்வாய் முழுக்க நெடுக்குவாக்கில் ஓடுகிறது, வடக்கு–தெற்காக. சரக்கு அந்தத் திசையில்தான் போயிற்று. ஆனால் கரையோரத்து மனுஷங்களோட அன்றாட வேலை குறுக்குவாக்கில், கிழக்கு–மேற்காக. மீனை மேற்கே சந்தைக்குக் கொண்டுபோகணும், உப்பளத்து வேலைக்கு வரணும், பிள்ளை பள்ளிக்கூடம் போகணும். நெடுக்கே போகிறவனுக்குக் கால்வாய் சாலை. குறுக்கே போகிறவனுக்கு அது வேலி. ரயிலும் லாரியும் வந்தபின், 1960-களின் புயல்களுக்கும் பின், சரக்குப் படகுகள் ஓய்ந்தன. சாலையாக இருந்தது செத்துப்போய், வேலியாக இருந்தது மட்டும் மிஞ்சியது. இன்றைய ஈ.சி.ஆரும் நெடுக்குவாக்குதான். சாலையோர ஊர்க்காரர்கள் அதைக் குறுக்கே கடக்கப் படும் பாட்டைப் பார்த்தால் கதை தொடர்வது புரியும்.

குறுக்கே போகும் வண்டி

மாட்டு வண்டியைத் தோணியில் ஏற்ற வேண்டுமென்றால் மாட்டை அவிழ்த்து நீந்தவிடணும். காருக்கு அகலமான மிதவை வேண்டும். பைக்குக்கு ஒரு பலகையும் இரண்டு ஆளும் போதும். குறுக்கே போகும் மக்களுக்குக் கிடைத்த முதல் மோட்டார் வண்டி இதுதான் என்பேன்.

1955-இல் சென்னை திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரிக்கத் தொடங்கினார்கள். அது 160 கிலோவுக்கு மேல் எடை, மணலில் புதைந்தால் தூக்க நாலு பேர் வேணும். கரையோர ஊர்களுக்குத் தோதாக வந்தது 1980-இல் வெளியான டி.வி.எஸ். 50. மீன் கூடை, ஐஸ் பெட்டி, உப்பு மூட்டை எல்லாவற்றையும் அந்த மொபெட் இழுத்தது. மாட்டிக்கொண்டால் இறங்கித் தள்ளலாம்.

பைக் படகேறும் துறைகள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. சேலம் மாவட்டம் பூலாம்பட்டிக்கும் ஈரோடு மாவட்டம் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே காவிரியில் விசைப்படகு ஓடுகிறது, ஆளோடு பைக்கும் ஏறுகிறது. இந்த மாதிரித் துறைகளில் ஏற்றும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சரிவில் இன்ஜினை அணைத்து, பலகையில் தள்ளி, ஒருவர் முன்னால் ஹேண்டிலையும் ஒருவர் பின்னால் கேரியரையும் பிடித்து இறக்குவார்கள். வண்டி உருளாமல் இருக்க கியரில் போட்டுவிடுவது வழக்கம். சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பாமல் ஒருவர் பிடித்துக்கொண்டே நிற்பார். படகு ஆடும்போது எடை ஒரு பக்கம் சரிந்தால் வண்டியோடு ஆளும் போவார்.

‘பாதை’ என்றால் படகு

இந்த விஷயத்தில் நம்மைவிட அனுபவம் கூடியவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் நம் கழுவேலி மாதிரி உவர்நீர் ஏரிகளால் துண்டுபட்ட நிலங்கள், அளவில் பல மடங்கு பெரியவை. அங்கே வண்டியும் ஆளும் ஏறும் மிதவைக்கே ‘பாதை’ என்று பெயர். காரைநகர்–ஊர்காவற்றுறை பாதை, குறுமண்வெளி–மண்டூர் பாதை என்பார்கள். தண்ணீரில் நகரும் ஒன்றுக்குப் பாதை என்று பெயர் வைத்த ஊர்களில், நிலத்துப் பாதை எவ்வளவு அரிதாக இருந்திருக்கும்!

1990-களின் முற்பாதியில் ஆனையிறவும் பூநகரியும் போரால் அடைபட, குடாநாட்டு மக்களுக்குக் கிளாலிக் கடல் நீரேரிதான் வெளியே போகும் வழியானது. இருட்டில் சிறு படகுகள், அவற்றில் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும். பெட்ரோல் தடைசெய்யப்பட்டிருந்ததால், கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். 1993 ஜனவரியில் அந்த நீரேரியைக் கடந்துகொண்டிருந்த பொதுமக்கள் பலர் கடற்படைத் தாக்குதலில் கொல்லப்பட்டார்கள். குறுக்கே போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலையாக இருந்த காலம். பக்கத்திலேயே, முன்பு பாதை ஓடிய சங்குப்பிட்டியில் பாலம் திறக்கப்பட்டது 2011 ஜனவரியில்தான். மட்டக்களப்பு மண்முனைத் துறைக்கு 2014-இல் பாலம் வந்தது.

கழுவேலிக்கு இரண்டு காகிதங்கள்

மறுபடி நம்ம ஊருக்கு வருவோம். 2008-இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களைத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். அதில் கழுவேலியும் சேர்த்தி. 2021 டிசம்பரில் அதே கழுவேலியின் 5,151 ஹெக்டேருக்கு மேலான பரப்பைத் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஒரு காகிதத்தில் படகு, இன்னொன்றில் பறவை. எனக்குப் பறவைக் காகிதம் பிடித்திருக்கிறது. ஆனால் ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் குறுக்கே போகிற ஆளுக்கு இரண்டிலும் இடம் இல்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. அந்த மாதிரி நாட்களில் யாருக்கு வழி இருக்கிறது, யாருக்கு இல்லை என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

பைக் படகில் ஏறும் காட்சியை நான் ரசிப்பதுண்டு. கூடவே ஒரு உறுத்தலும் உண்டு. பைக் எப்படியோ போய்விடுகிறது. ‘ஜனங்க சமாளிச்சுக்குறாங்க’ என்று பாலம் தள்ளிப்போக அதுவே சாக்காகிவிடலாம். பிரசவ வலி வந்தவளைச் சேற்று வரப்பில் பைக்கில் உட்கார வைக்க முடியாது, ஆம்புலன்ஸைப் படகில் ஏற்றவும் முடியாது. அதனால் ஒரு ஊரின் சாலை வரலாற்றை எழுதும்போது நெடுஞ்சாலை எந்த ஆண்டு வந்தது என்பதோடு, குறுக்கே போக முதல் பாலம் எந்த ஆண்டு வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். என் குறிப்பேட்டில் இப்போது அதற்கென்று தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.