எந்த விளக்கு எந்த எண்?

ஒரு மாடி ஆபீஸ் கூரையில் அறுபது விளக்கு. எது எந்த எண்?

முன்பெல்லாம் 1-10 வோல்ட் ஒயர்தான். அதில் சேர்த்த விளக்கெல்லாம் ஒன்றாகவே மங்கும். தனியாகக் கூப்பிட முடியாது. 1990களின் கடைசியில் ஐரோப்பிய விளக்குக் கம்பெனிகள் கூடி 'டாலி' என்ற பொது மொழியைக் கொண்டுவந்தன. 2009-ல் அது ஐஇசி 62386 என்ற தனித் தரமானது. லைனுக்கு 64 முகவரி, 16 குரூப்.

முகவரி கொடுப்பதுதான் சுவாரசியம். ஒவ்வொரு விளக்கும் 24 பிட்டில் ஓர் எண்ணைத் தானே குலுக்கி எடுத்துக்கொள்ளும். "இந்த எண்ணோ, இதற்குக் கீழோ யாராவது உண்டா?" என்று கன்ட்ரோலர் பாதி பாதியாகத் தேடி, மிகச் சிறிய எண்ணைப் பிடித்து, 0 முதல் 63-க்குள் ஒன்றைத் தரும்.

ஆனால் அது எந்த மேஜைக்கு மேலே என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது. ஒருவர் மினுக்க, இன்னொருவர் அண்ணாந்து பார்த்துப் பிளானில் குறிக்கவேண்டும். அந்தப் பேப்பர் தொலைந்தால்? மறுபடியும் கழுத்துவலிதான் சாமி!