பாராமகால் கணக்கும் பள்ளிச் சமூக அறிவியலும்

தமிழகத்தில் பத்தாம் வகுப்பு மாணவர் சமூக அறிவியலை ஒரே பாடமாக, 100 மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார். புத்தகத்தைத் திறந்தால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என்று நான்கு பகுதிகள். அட்டைதான் பொது; உள்ளே ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. இந்தப் பிரிவு எப்படி வந்தது, இடையில் எது கைவிடப்பட்டது என்பதைத் தருமபுரி மாவட்டத்தை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தருமபுரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இந்த நான்கு துறைகளும் பிரியாமல் ஒரே விசாரணையாக நடந்ததற்குத் தமிழகத்தில் கிடைக்கும் விரிவான பழைய ஆவணங்களில் ஒன்று இந்த மண்ணைப் பற்றியது.

மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான், இன்றைய தருமபுரி அடங்கிய பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியிடம் (கிழக்கிந்தியக் கம்பெனியிடம்) விட்டுக்கொடுத்தார். அதை நிர்வகிக்க வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே உதவியாளர்களாக இருந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவர் தாமஸ் மன்றோ. ரீட் திருப்பத்தூரில் இருந்தார். மன்றோ தருமபுரியில் இருந்தார். கும்பினிக்குப் புதிய நாடு கிடைத்திருந்தது. ஆனால் அங்கே யாரிடம் என்ன இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே கிராமம் கிராமமாக, வயல் வயலாக அளந்தார்கள். நன்செய் எது, புன்செய் எது, தோட்டக்கால் எது, யார் பயிரிடுகிறார், என்ன விளைகிறது, சந்தையில் என்ன விலை, எந்தச் சாதியார் எந்தத் தொழில் செய்கிறார்கள் என்று எழுதிவைத்தார்கள். 1796 டிசம்பரில் ரீட் வெளியிட்ட அறிவிப்பு, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வையை வரையறுத்து, அந்த வயலை வைத்துக்கொள்ளவோ விட்டுவிடவோ குடியானவருக்கு உரிமை தந்தது. பின்னாளில் இரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறையின் தொடக்கம் இது.

பள்ளிப் புத்தகங்களில் இரயத்துவாரி பெரும்பாலும் ஒரு வரியாக வரும்: 1820, சென்னை மாகாணம், தாமஸ் மன்றோ. 1820 என்பது மன்றோ சென்னையின் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஆண்டு. அந்த முறை உருவான காலமோ அதற்கு 25 ஆண்டு முந்தையது. உருவான இடம் தருமபுரியும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும். பாலக்கோட்டிலோ பென்னாகரத்திலோ உட்கார்ந்து அந்த வரியை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, தன் ஊர் வயலில் இழுத்த அளவைச் சங்கிலியிலிருந்துதான் அந்த முறை பிறந்தது என்று யாரும் சொல்வதில்லை.

ரீட், மன்றோ குழுவின் எழுத்துகளைச் சென்னை அரசு அச்சகம் 1907 முதல் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற வரிசையாக அச்சிட்டது. அவற்றின் பிரிவுத் தலைப்புகளைக் கவனிக்க வேண்டும்: நிர்வாகம், குடிகள், விளைபொருள்கள், உடைமை, நிலவரி, பிற வரிகள். இன்றைய குடிமையியலும் பொருளியலும் புவியியலும் அங்கே கலந்தே கிடக்கின்றன. வரியைப் பேச வேண்டுமானால் மண்ணைப் பேச வேண்டும். மண்ணைப் பேசினால் உடைமை வரும். உடைமையைத் தொட்டால் முந்தைய அரசுகளின் கதை வரும். பிரிக்க முடியாது என்பது அவர்களுக்கு நடைமுறையில் தெரிந்தது. ஆனால் அந்த அறிவு யாருக்காகச் சேர்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். குடியானவர் அங்கே பதில் சொல்பவர். கேள்வி கேட்பவர் கும்பினி. நோக்கம் வரி.

இதே மன்றோ ஆளுநரான பிறகு, 1822 ஜூன் 25 அன்று மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கெடுக்க ஆணையிட்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள், எந்தச் சாதிப் பிள்ளைகள் எத்தனை பேர், என்ன புத்தகம் படிக்கிறார்கள், எத்தனை காலம் படிக்கிறார்கள், மாதச் செலவு என்ன என்று கலெக்டர்களிடம் கேட்டார். வயலை அளந்த கையே பள்ளியையும் அளந்தது என்று இதைப் படிக்கலாம். கேள்விப் பட்டியலின் வடிவம் அப்படித்தான் இருக்கிறது. 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன. அதாவது ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு.

அந்தத் திண்ணைப் பள்ளிகளில் வரலாறு, புவியியல் என்ற பெயரில் ஒன்றும் இல்லை. எழுத்து, வாசிப்பு, கணக்கு. அதோடு நீதிநூல்களும் நிகண்டும். ஆனால் எண்சுவடியும் நெல்லிலக்கமும் குழிமாற்றும் கற்ற பையன் நெல்லை அளக்கவும் நிலத்தின் பரப்பைக் கணக்கிடவும் தெரிந்துகொண்டு வெளியே வந்தான். ஊர்க் கணக்கு எழுதுவதற்கான பயிற்சி அது. தன் ஊரின் பொருளியலை அவன் மனக்கணக்காகவே அறிந்திருந்தான் என்று சொல்வது மிகையாகாது. அந்த அறிவு எல்லாச் சாதியாருக்கும் கிடைக்கவில்லை என்பதும் அதே கலெக்டர் அறிக்கைகளிலிருந்தே தெரிகிறது. பழைய திண்ணையைப் பொற்காலமாக்கிப் பேசுபவர்கள் இந்த இரண்டாவது உண்மையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மன்றோ தாசில்தாரிப் பள்ளிகளையும் கலெக்டரேட் பள்ளிகளையும் திட்டமிட்டார். தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 9 ரூபாய், கலெக்டரேட் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் என்று அவர் குறித்த சம்பளம் குறைவு, மேற்பார்வையும் இல்லை. 1827-இல் அவர் இறந்தார். 1836-இல் அப்பள்ளிகள் மூடப்பட்டன.

தனிப் பாடமாகப் புவியியல் தமிழுக்கு வந்தது வேறு வழியில். இரேனியஸ் பாதிரியாரின் 'பூமி சாஸ்திரம்' 1832-இல் அச்சானது. உலகம், கண்டங்கள், நாடுகள் என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரும் முறை அதில் காணக் கிடைக்கிறது. 1854-ஆம் ஆண்டு உட் அறிக்கையைத் தொடர்ந்து சென்னையில் கல்வித் துறை அமைந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதன் மெட்ரிகுலேஷன் தேர்வில் வரலாறும் புவியியலும் இடம்பெற்றன. இங்கிலாந்தின் அரசர் வரிசையும் இந்திய ஆளுநர் வரிசையும் வரலாறாயின. ஆறுகளும் துறைமுகங்களும் புவியியலாயின. தேர்வுக்குக் கேள்வி எடுக்க வசதியாகப் பிரிந்தவை அப்படியே நிலைத்தன. கேள்வி கேட்கும் இடத்தில் மாணவர் வரவே இல்லை. பாராமகால் குடியானவரைப் போலவே அவரும் பதில் சொல்பவர்.

பிரிந்தவற்றைச் சேர்க்க விடுதலைக்குப் பிறகு நடந்த பெரிய முயற்சிக்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு, 1952-53-இல், சமூகப் பாடத்தை எல்லா மாணவருக்கும் பொதுவாக்கச் சொன்னது. வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் ஆகியவற்றைப் பிள்ளையின் சூழலோடு பொருந்திய ஒரே தொகுப்பாகக் கற்பிக்க வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1916-இலேயே 'சமூகப் பாடங்கள்' என்ற பெயரில் ஒரு குழு இதை முன்வைத்திருந்தது. ஆனால் 1964-66 கோத்தாரிக் குழு உயர்வகுப்புகளில் துறைகளைத் தனித்தனியே கற்பிக்கும் பக்கம் சாய்ந்தது. துறை அறிவு ஆழமாக வேண்டும் என்ற அதன் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழகத்தில் நடைமுறை இரண்டுக்கும் நடுவில் நின்றது: பெயரில் ஒன்று, உள்ளே நான்கு. 1978-இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதும், 2010-இல் தொடங்கி 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதியான சமச்சீர் கல்வியிலும், 2018, 2019-இல் வந்த புதிய பாடநூல்களிலும் அந்த அமைப்பு மாறவில்லை. புதிய நூல்களின் அச்சும் படங்களும் தகவல் செறிவும் பாராட்டுக்குரியவை. பிரிவுச் சுவர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத இழப்பு ஒன்று உண்டு. ஜில்லா பூகோளம் என்று முன்பு கீழ்வகுப்புகளில் தன் மாவட்டத்தைப் படிக்கும் வழக்கம் இருந்தது. மூன்றாம் வகுப்பில் தத்தம் மாவட்டத்தின் வரைபடத்தைப் பார்த்து வரைந்த தலைமுறை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அதாவது மாவட்டத்தை எட்டு வயதில் படித்து முடித்துவிட வேண்டும். ஆறு, மலை, தலைநகர், பயிர். அவ்வளவுதான் அந்த வயதுக்கு முடியும். அடங்கல் பதிவையோ நீதிமன்றத் தீர்ப்பையோ வாசித்துப் புரிந்துகொள்ளும் 15 வயது வரும்போது மாவட்டம் பாடத்திலிருந்து போய்விடுகிறது. வேண்டிய நேரத்தில் இல்லாமல், முதிராத நேரத்தில் இருந்த பாடம் அது.

தருமபுரியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இந்த இழப்பின் அளவு தெரியும். சங்க காலத் தகடூரின் அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவைக்கு நெல்லிக்கனி தந்தவராகத் தமிழ்ப் பாடத்தில் அறிகிறோம். 1981-இல், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு அவரைச் 'சதியபுதோ' என்று குறித்தது. அசோகரின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கு அதுவே விடையானது.

நடுகற்கள் இன்னும் அருகில் இருக்கின்றன. தருமபுரி வட்டாரத்தில் அவை மிகுதி. ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம். வில்லோ வாளோ ஏந்திய வீரன். காலருகே கெண்டியும் சிமிழும். மேலே வட்டெழுத்தில் அரசனின் ஆட்சியாண்டு, வீரனின் பெயர், எந்த ஊர்த் தொறுவை (மாட்டு மந்தையை) மீட்கும்போது இறந்தான் என்ற செய்தி. ஆட்சியாண்டு வரலாறு. மழை குறைந்த மேட்டுநிலத்தில் மாடே செல்வமாக இருந்தது புவியியலும் பொருளியலும். இறந்தவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டியாக நிலம் விடப்பட்டிருந்தால் அது ஊருக்கும் அரசுக்கும் தனிமனிதனுக்கும் இருந்த கடமையைச் சொல்கிறது. ஒரே கல்லை நான்கு பிரிவாக வெட்டினால் எதுவும் மிஞ்சாது.

குடிநீரும் அப்படித்தான். இந்த மாவட்டத்துப் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. பல ஊர்களில் அந்த வரம்பு மீறப்பட்டது. பல்லில் பழுப்புக் கறை, முற்றினால் எலும்பில் வளைவு. ஆழ்துளைக் கிணறு பெருகிய காலத்தில் இந்தத் துன்பமும் பெருகியது. 1,928 கோடி ரூபாய் மதிப்பில், ஜப்பானிய நிறுவனமான ஜைக்காவின் கடனோடு தீட்டப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. 2013 மே மாதம் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது. பாறையின் வேதியியல், அந்நியக் கடன், மாநிலங்களுக்கிடையிலான நதிநீர் உரிமை, ஊராட்சிக் குழாய் என இத்தனையும் ஒரு குடம் தண்ணீருக்குள் இருக்கின்றன. இதை வகுப்பில் வைக்காமல் கூட்டாட்சி பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயன் குறைவு.

வாச்சாத்தியைத் தயக்கமின்றிச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்தப் பழங்குடி ஊரில், 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தனர். ஊரைச் சூறையாடினர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கைத் தூக்கிச் சுமந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பட்டா நிலம், காடு என்று அரசு கோடு போட்ட வரலாற்றில், 1790-களின் நில அளவையும் 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டமும் அடுத்தடுத்த படிகள். அந்தக் கோட்டின் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள் அரசையே கூண்டில் ஏற்றி வென்றதைவிட நல்ல குடிமையியல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாருக்கும் ஒரே தேர்வு இருக்கும்போது மாவட்டத்துக்கு ஒரு பாடம் எப்படி என்று கேட்பார்கள். மாவட்டப் பெருமை பேசும் துதிநூலாகிவிடும் என்றும் அஞ்சுவார்கள். இரண்டாவது அச்சம் எனக்கும் உண்டு. அதியமானோடு நின்றுவிட்டால் அதுதான் நடக்கும். நடுகல்லோடு வரிக்கணக்கும் தண்ணீர்ச் சோதனை அறிக்கையும் தீர்ப்பும் சேரும்போது துதிக்கு இடமில்லை. தேர்வைப் பொறுத்தவரை, பொதுத் தேர்வு இல்லாத ஒன்பதாம் வகுப்பில் அகமதிப்பீட்டுக்கு உரிய பகுதியாக இதை வைக்கலாம். பொதுத் தேர்வின் சமநிலை அதனால் குலையாது.

2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. மாநிலச் சராசரி 80.09. படித்து முடித்ததும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகும் பிள்ளைகள் நிறைந்த மாவட்டம் இது. அவர்கள் கையில் தம் ஊரைப் பற்றிய ஆவணத் தொகுப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். பாராமகால் ஆவணங்களிலிருந்து தேர்ந்த பகுதிகள் நல்ல தமிழில் அதில் இடம்பெற வேண்டும். மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் இந்தப் பணியைத் தருமபுரியிலிருந்தே தொடங்க வேண்டும். அதுவரை, அங்குள்ள சமூக அறிவியல் ஆசிரியர்கள் இரயத்துவாரிப் பாடத்தை நடத்தும் நாளிலாவது, "இது நம் ஊரில் தொடங்கியது" என்று சொல்லி, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விட வேண்டுகிறேன்.