வரிச்சீட்டும் வாக்குச்சீட்டும்

கல்குளம் வட்டத்துக் கடலோரத்தில், அலைமோதும் பாறைகளுக்கு மேலே கலங்கரை விளக்கத்தைத் தாங்கி நிற்கும் ஊர் முட்டம். அவ்வூர் மீனவர்க்குக் கடலே வயல், வலையே ஏர். ஆனால், கடலுக்கு நிலவரி இல்லை. ஒரு காலத்தில் இந்தக் காரணமே அவர்களை ஆட்சி மன்றத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது.

அன்று இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1888-ஆம் ஆண்டிலேயே சட்டசபை கண்ட சமஸ்தானம் அது. 1904-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் எழுந்தது. பெருமைக்குரிய செய்திதான், ஆயினும் அச்சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, குறிப்பிட்ட அளவு நிலவரி செலுத்தியோர், பட்டம் பெற்றோர் போன்ற சிலருக்கே கிடைத்தது. வரிச்சீட்டு இல்லாதவனுக்கு வாக்குச்சீட்டும் இல்லை. பின்னர் வரம்புகள் சற்றே தளர்ந்தன, தடுப்புச்சுவர் தகரவில்லை.

அது தகர்ந்தது 1948-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். வயது வந்தோர் அனைவரும் வாக்களிக்க, 120 உறுப்பினர் கொண்ட மன்றம் அமைந்தது. இந்தியக் குடியரசின் முதல் பொதுத்தேர்தல் 1951-52-இல்தான் நடந்தது என்பதை எண்ணினால் இதன் அருமை விளங்கும். தாய்த் தமிழகத்தோடு இணைய விரும்பிய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தான் நின்ற 18 இடங்களில் 14-ஐ வென்றது. எந்த மாநிலத்தில் வாழ்வது என்ற வினாவுக்கே தென் திருவிதாங்கூர்த் தமிழர் வாக்குச்சீட்டால் விடை கூறினர்.

அவ்விடை நிறைவேற எட்டாண்டுகள் ஆயின. மார்ஷல் நேசமணி முதலியோர் முன்னின்று போராடினர். 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

வாக்களிக்கும் வயது 21-இலிருந்து 18-ஆகக் குறைந்தது 1989-இல். அரசியல் சட்டத்தின் 61-ஆவது திருத்தம் தந்த உரிமை அது. இன்றோ, 17 வயது நிரம்பியவரே பெயர் பதிய முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

ஆயினும், "என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் இளைஞர் நம் இல்லங்களிலும் உண்டு. ஆழ்கடலில் இருக்கும் முட்டத்து மீனவனும், வளைகுடாவில் உழைக்கும் குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துப் பிள்ளையும் விரும்பினாலும் தேர்தல் நாளில் வாக்குச்சாவடிக்கு வர இயலாது போகிறது. வெளிநாட்டில் இருப்போர் பெயர் பதிய 2011 முதல் வழியுண்டு. ஆனால் வாக்களிக்க நேரில் வந்தாக வேண்டும். வர இயலாதவனின் ஏக்கம், வீட்டிலேயே இருந்தும் வாக்களிக்கச் செல்லாதவனுக்குப் புரிவதில்லை.

பெற்றோரே, பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறையும்போது வாக்காளர் பட்டியலில் அவன் பெயரும், அவன் சகோதரியின் பெயரும் ஏறியுள்ளனவா என்று பாருங்கள். வரிச்சீட்டு இல்லாமையால் வாசலில் நின்ற பாட்டனார்க்கு நாம் செலுத்தும் கடன் அது.